மஞ்சத் தண்ணிக்கு யாரு தேதி குறிப்பாங்க?

ஆசிரியர் சார், வணக்கம்.

நான் ராணிப்பேட்டை பக்கத்துல மோட்டார் ரிவைண்டிங் கடை வெச்சிருக்கேன். போர்வெல் மோட்டாரத் தூக்கறது, காயில் கட்டறது, திரும்ப இறக்கறது, இருபத்திரெண்டு வருஷமா இதான் பொழப்பு. பேப்பருக்குக் கடிதம் எழுதற ஆளெல்லாம் இல்ல. காயில் கட்டி வார்னிஷ் ஊத்திட்டா காயற வரைக்கும் சும்மாதான் உக்காந்திருக்கணும், அந்த நேரத்துல போன்லயே டைப் பண்றேன், பிழை இருந்தா நீங்களே திருத்திக்கங்க, ஆனா விஷயத்த மட்டும் வெட்டிடாதீங்க.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலை 24ஆம் தேதி புதுசா ஒரு விதி போட்டுச்சு. கெமிக்கல் கழிவு கொட்டி மண்ணும் தண்ணியும் கெட்டுப்போன இடங்களை எப்படிக் கண்டுபிடிக்கறது, யாரு சுத்தம் பண்றது, யாரு காசு கட்டறது, இதெல்லாம் அதுல இருக்கு. மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள்னு பேரு. டீக்கடைல பேப்பரப் பாத்தா ஒரு ஓரமா சின்னதா வந்திருந்துச்சு, பக்கத்துல தங்கம் விலை அரைப் பக்கத்துக்கு. தங்கம் விலையத்தான் நாலு பேரு சத்தமா படிச்சாங்க. நான் இந்த ஓரத்த மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டேன், ஏன்னா இது எங்க ஊரு சமாச்சாரம், எங்க ஊருன்னு அதுல ஒரு எழுத்து கூட இல்லாட்டியும்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். ராணிப்பேட்டை சிப்காட்ல தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு கம்பெனி 1970கள் நடுவுல ஆரம்பிச்சு 1990கள் நடுவு வரைக்கும் ஓடிச்சு. தோல் பதப்படுத்த குரோம் உப்பு வேணும், அதுக்கு மூலப்பொருள் சோடியம் பைகுரோமேட், அத இங்க தயாரிச்சாங்க. குரோமைட் தாதுவ சோடாவும் சுண்ணாம்பும் சேத்து சூளைல வறுத்து, தண்ணில ஊற வெச்சு, இறங்கற மஞ்சச் சாற எடுத்துக்கிட்டு சக்கைய வளாகத்துக்குள்ளயே ஒரு பக்கமா கொட்டிடுவாங்க. இருபது வருஷத்துச் சக்கை. மூணுலேந்து அஞ்சு மீட்டர் உசரத்துக்கு மேடா நிக்குது. கம்பெனி மூடி முப்பது வருஷம் ஆச்சு, மேடு அங்கயேதான் இருக்கு. முன்னாடி 1.5 லட்சம் டன்னுனு சொன்னாங்க, அப்புறம் வந்த கணக்குல 2.27 லட்சம் டன்னு. மேடு குட்டி போட்டிருக்குமோ என்னமோ.

2006ல அமெரிக்காவுல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட்னு ஒரு அமைப்பு உலகத்துலயே மோசமா கெட்டுப்போன 10 இடம்னு லிஸ்ட் போட்டுச்சு, செர்னோபில் இருந்த அதே லிஸ்ட்ல ராணிப்பேட்டையும் இருந்துச்சு. மூணு கிணறு, ஒரு டஜன் போர், இருபத்தஞ்சு கைப்பம்பு, இதெல்லாம் குரோமியம் ஏறிப்போய் கைவிட்டாச்சுன்னு அந்த ரிப்போர்ட்ல போட்டிருந்தாங்க. கைவிட்டாச்சுன்னு ஒரு வார்த்தைல எழுதிடறாங்க. ஒரு கைப்பம்ப கைவிட்டா அந்தத் தெருப் பொம்பளைங்க அடுத்த தெருவுக்குக் குடத்தத் தூக்கிட்டு நடக்கணும், அங்க வரிசைல நிக்கிறவங்க இவங்கள ஏற எறங்கப் பாக்கறதையும் வாங்கிக்கணும், அது எந்த ரிப்போர்ட்ல வரும்?

இப்ப என் தொழில்ல நான் பாத்தத சொல்றேன். இது எந்தக் கம்பெனியால வந்துச்சுன்னு சொல்ல நான் ஆளில்ல, லேப் என்கிட்ட இல்ல, பக்கெட்டும் கண்ணும்தான் இருக்கு. மோட்டார இறக்கி முடிச்சதும் ஸ்டார்ட்டரப் போட்டு முதல் தண்ணிய ஒரு வெள்ளைப் பக்கெட்ல புடிச்சுப் பாப்போம், மணல் வருதா கலங்கல் வருதான்னு. இரும்புத் தண்ணி எப்படி இருக்கும்னா வரும்போது பளிச்சுனு இருக்கும், கொஞ்ச நேரம் வெச்சா செம்மண் கலர்ல மாறி அடில துரு மாதிரி படியும். எங்க பக்கம் சில போர்ல வர்றது அப்படி இல்ல. வரும்போதே எலுமிச்சம்பழ மஞ்ச. பக்கெட் அடில பத்து ரூபா காயினப் போட்டா தெளிவா தெரியும், அவ்ளோ சுத்தமான மஞ்ச. ஒரு நாள் பூரா வெச்சாலும் படியாது, கலங்காது, வாசனை கிடையாது. ஒரு பெரியவர் அத கைல ஏந்திப் பாத்துட்டு, "நல்லாதாம்பா இருக்கு, கொஞ்சம் சாயம் போன மாதிரி இருக்கு, அவ்ளோதான"ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. மோட்டாருக்குப் பேசின காச வாங்கிட்டு வந்துட்டேன். அது இன்னமும் உறுத்துது.

குடிதண்ணில குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியத் தரக்கட்டுப்பாடு சொல்லுது. அந்த அளவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கண்ணுக்கு மஞ்சளா தெரியற அளவுக்கு குரோமியம் வந்துருச்சுன்னா லிமிட்டத் தாண்டி எங்கயோ போயிருச்சுன்னு அர்த்தம். அதே மாதிரி தண்ணி வெள்ளையா இருக்குங்கறதால நல்ல தண்ணின்னும் சொல்ல முடியாது, இது அதவிட மோசம். குரோமியத்துல ரெண்டு வகை இருக்கு. தோலுக்குப் போடற மூணாம் நிலை குரோமியம் அவ்வளவு ஆபத்தில்ல. ஆறாம் நிலை புற்றுநோய் வரவைக்கற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சிப் பிரிவு எப்பவோ முதல் வகைல சேத்தாச்சு. மேட்டுல இருக்கற பிரச்சனையே இந்த ஆறாம் நிலைதான், அது தண்ணில சர்க்கரை மாதிரி கரையும். சுண்ணாம்பு போட்டு வறுத்த சக்கைங்கறதால வருஷக் கணக்கா கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கும். மழை பெஞ்சா மஞ்சளா வழியறத பேப்பர்ல டிவில எல்லாரும் பாத்ததுதான், ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்துலயும் ஒரு போட்டோ வரும், அப்புறம் பொங்கல் வந்துரும்.

சரி, புது விதிக்கு வர்றேன். மாவட்ட நிர்வாகம் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் சந்தேகப்படற இடங்களோட லிஸ்ட் குடுக்கணும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அவங்க நியமிக்கற நிபுணர் அமைப்போ 90 நாள்ல முதல் கட்ட ஆய்வு முடிக்கணும். அடுத்த மூணு மாசத்துல விரிவா மண்ணு தண்ணி எல்லாம் எடுத்து டெஸ்ட் பண்ணி, லிஸ்ட்ல இருக்கற 189 அபாய கெமிக்கல்ல எது எவ்ளோ இருக்குன்னு பாத்து, லிமிட்டத் தாண்டியிருந்தா இந்த இடம் மாசடைந்த இடம்னு வெளிப்படையா அறிவிக்கணும், ஆளுங்க போக முடியாதபடி தடுக்கணும். அப்புறம் எப்படி சுத்தம் பண்றதுன்னு திட்டம். பொறுப்பு யாருன்னு கண்டுபிடிக்க வாரியத்துக்கு 90 நாள். கண்டுபிடிச்சா அவங்க காசு, அவங்க இல்லன்னாலோ கட்ட முடியலன்னாலோ மத்திய மாநில அரசுங்க பாத்துக்கணும்.

படிக்க நல்லாத்தான் இருக்கு, கிண்டல் பண்ணல, இந்த மாதிரி எழுத்துல ஒரு வரிசை இத்தனை வருஷமா இந்தியாவுல கிடையாது. 2010லயே மாசடைந்த இடங்களுக்கு ஒரு தேசிய திட்டம்னு ஆரம்பிச்சாங்க, கண்டுபிடிச்சாங்க, மேப் போட்டாங்க, கடைசி கட்டமான சட்டம் வர 15 வருஷம் ஆயிருச்சு. மத்திய வாரியம் நிபுணர்கள அனுப்பி ஆய்வு பண்ண இடங்கள்ல ராணிப்பேட்டை உண்டு, ஒடிசாவுல தால்சேர் உண்டு, கான்பூர் பக்கம் ரனியான்னு ஒரு ஊரு உண்டு, அங்கயும் எங்கள மாதிரியே குரோமியச் சக்கைதான். நாடு பூரா 103 இடம்னு கணக்கு. அதுல சுத்தம் பண்ற வேலை ஆரம்பிச்சது ஏழே ஏழு.

ஆனா விதிய ரெண்டாவது தரம் படிக்கும்போது ஒண்ணு உறைச்சுது. லிஸ்ட்டுக்கு ஆறு மாசம், ஆய்வுக்கு 90 நாள், டெஸ்ட்டுக்கு 90 நாள், ஆளக் கண்டுபிடிக்க 90 நாள், எல்லாத்துக்கும் தேதி இருக்கு. மேட்ட அள்ளறதுக்கு மட்டும் தேதி இல்ல. மாசடைஞ்ச இடம்னு முடிவு பண்ணப்புறம் இத்தனை வருஷத்துக்குள்ள சுத்தம் பண்ணி முடிக்கணும்னு ஒரு வரி கிடையாது. என் கடைல ஒருத்தர் மோட்டாரக் கொண்டாந்து போட்டா எப்ப கிடைக்கும்னுதான் முதல் கேள்வி கேப்பாரு. நான் "இன்னிக்கு கழட்டிப் பாக்கறேன், நாளைக்கு என்ன போச்சுன்னு சொல்றேன், மறுநாள் யாரால போச்சுன்னு சொல்றேன்"னு மட்டும் சொல்லி கட்டித் தர்ற நாள சொல்லாம விட்டா மோட்டாரத் தூக்கிட்டு எதிர் கடைக்குப் போயிடுவாரு. எங்களுக்கு எதிர் கடை இல்ல சார்.

பொறுப்பு யாருங்கற விஷயத்துக்கு வருவோம், இதுலதான் எல்லா ஊர்லயும் சிக்கிக்குது. ஓடற கம்பெனின்னா கழுத்தப் புடிக்கலாம். மூடின கம்பெனி கிட்ட என்னத்தப் புடிக்கறது, துருப்புடிச்ச கேட்டத்தான் புடிக்கணும். அமெரிக்காவுல நியூஜெர்சி மாநிலத்துல ஜெர்சி சிட்டின்னு ஒரு ஊரு, நியூயார்க்குக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம். அந்த ஊருலயும் சுத்துவட்டாரத்துலயும் மூணு குரோமியம் கம்பெனிங்க எங்க ஊரு மாதிரியே தாதுவ வறுத்து சக்கைய 20 லட்சம் டன்னுக்கு மேல விட்டுட்டுப் போயிருக்காங்க. இதுல கொடுமை என்னன்னா அந்தச் சக்கை பாக்க நல்ல கிராவல் மாதிரி இருக்குன்னு வீடு கட்ட, ரோடு போட, பள்ளம் ரொப்ப எல்லாத்துக்கும் அதையே எடுத்து கொட்டிட்டாங்க. பின்னால வீட்டு செவுத்துலயும் அண்டர்கிரவுண்டு ரூம்லயும் மஞ்சளும் பச்சையுமா பூத்து வந்துச்சு. 150 இடத்துக்கு மேல கண்டுபிடிச்சாங்க.

அதுல பெரிய மேடு ஒண்ணு ஹாக்கென்சாக் ஆத்தங்கரைல. கொட்டினது ஒரு பழைய கம்பெனி, 1954ஓட நின்னு போச்சு. அந்தக் கம்பெனிய அல்லைடுனு இன்னொரு கம்பெனி வாங்குச்சு, அது 1999ல ஹனிவெல் கூட சேந்துச்சு. கொட்டினவன் ஒருத்தன், இப்ப பேரு வேற ஒருத்தன். ஆனா அந்த ஊரு சட்டத்துல கம்பெனிய வாங்கினா அதோட கெட்டதும் சேந்துதான் வரும். முதல்ல மேட்டு மேல பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் போட்டு மூடிப் பாத்தாங்க. இந்தச் சக்கைக்கு ஒரு கெட்ட புத்தி இருக்கு, ஈரம் பட்டா உப்பும். உப்பி எழும்பி மூடினதையே ஒடைக்கும். (நம்ம ஊருல யாராவது கான்கிரீட் போட்டு மூடிடலாம்னு சொன்னா இந்த வரியக் காட்டுங்க.) அப்புறம் சர்ச்சுங்கள்லாம் சேந்த ஒரு உள்ளூர் அமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு, அங்க கழிவுச் சட்டத்துல பொதுஜனமே நேரா கேஸ் போட வழி இருக்கு. 2003 மே மாசம் நீதிபதி மூடற கதையெல்லாம் வேணாம், தோண்டி எடுன்னு சொல்லிட்டாரு. சுமார் 10 லட்சம் டன்னு, 40 கோடி டாலர் ஆகும்னு மதிப்பீடு. மேல்கோர்ட்டும் 2005ல அதையே சொல்லிருச்சு. தோண்டி எடுத்தாங்க, அந்த நிலத்துல இப்ப வீடுங்க வருது. அங்க அள்ளினது எங்க மேட்ட மாதிரி நாலு மேடு.

அதுக்காக வெளிநாடுன்னா எல்லாம் பாலும் தேனும் ஓடுதுன்னு நான் சொல்லல. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ ஊருலயும் இதே குரோமியச் சக்கை, ஒயிட்ஸ்னு ஒரு கம்பெனி நூறு வருஷத்துக்கு மேல ஓடி 1960கள்ல மூடிட்டுப் போயிருச்சு. இத்தனை வருஷம் கழிச்சு 2019லயும் அங்க பால்மேடின்னு ஒரு ஓடை பளபளன்னு பச்சையா ஓடிச்சு. கொட்டின கம்பெனி இப்ப அங்க இல்ல. அந்த நாட்டுச் சட்டப்படி முதல்ல கொட்டினவன், அவன் கிடைக்கலன்னா இப்ப நிலம் வெச்சிருக்கவன், ரெண்டு பேரும் இல்லன்னா அது அனாதை, மக்கள் வரிப்பணம்தான்.

அனாதை மேட்டுக்கு என்ன பண்றதுங்கறதுக்கு அமெரிக்காக்காரன் ஒரு ஐடியா பண்ணான், அதுதான் எனக்குப் புடிச்சது. நயாகரா அருவி இருக்கே, அந்த ஊருல லவ் கனால்னு பாதியில விட்ட ஒரு பழைய கால்வாய். ஹூக்கர்னு ஒரு கெமிக்கல் கம்பெனி அதுல 21,000 டன்னு கழிவக் கொட்டி மண்ணு போட்டு மூடி, 1953ல பள்ளிக்கூட போர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு வித்துட்டுப் போயிருச்சு. மேல ஸ்கூல் கட்டினாங்க, சுத்தி வீடு கட்டினாங்க. 1978ல நாத்தமும் வியாதியும் தாங்காம அவசரநிலை அறிவிச்சு குடும்பங்கள காலி பண்ண வேண்டியதாப் போச்சு. லோயிஸ் கிப்ஸ்னு ஒரு அம்மா, அந்த ஸ்கூல்ல படிச்ச பையனோட அம்மா, வீடு வீடா போயி கதவத் தட்டி ஆள் சேத்தாங்க. 1980 டிசம்பர்ல சூப்பர்ஃபண்டுனு சட்டம் வந்துச்சு. பெட்ரோலிய கம்பெனி, கெமிக்கல் கம்பெனி எல்லார் கிட்டயும் வரி போட்டு ஒரு பொது உண்டியல் வெச்சாங்க. கொட்டினவன் கிடைச்சா அவன் தலைல கட்டறது, சட்டம் வர்றதுக்கு முன்னாடி கொட்டியிருந்தாலும் விடறதில்ல. கிடைக்கலன்னா உண்டியல்லேந்து எடுத்து வேலைய ஆரம்பி. 1995 கடைசில அந்த வரி காலாவதி ஆயிருச்சு, உண்டியல் காலியாச்சு, நிறைய எடத்துல வேலை இழுத்துக்கிச்சு, அப்புறம் 2021லயும் 2022லயும் சட்டம் போட்டு வரிய திரும்பக் கொண்டாந்தாங்க. காசு இல்லன்னா சட்டம் சும்மா காகிதம்னு அவங்களுக்கே கால் நூற்றாண்டு ஆச்சு புரிய. இன்னொண்ணு, அந்தத் திட்டத்துல ஊர்க்காரங்களே சொந்தமா ஒரு நிபுணர வெச்சுக்க 50,000 டாலர் வரைக்கும் உதவித்தொகை உண்டு. அரசாங்க இன்ஜினியர் ஒரு ரிப்போர்ட் குடுத்தா, அத படிச்சு "இங்க பாருங்கப்பா, இந்த எண்ணுக்கு இதான் அர்த்தம்"னு நம்ம பக்கம் உக்காந்து சொல்ல ஒரு ஆளு. எங்க ஊருல அந்த வேலைய இப்ப செய்யறது வாட்ஸ்அப்.

நம்ம நாட்டுல கோர்ட்டு ஒண்ணும் சொல்லலயான்னு கேக்காதீங்க, கோர்ட்டுதான் சொல்லியிருக்கு, அதுவும் எங்க மண்ண வெச்சேதான். 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலச்சங்கம் போட்ட கேஸ்ல, தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாத்தக் கெடுத்த விஷயத்துல, மாசுபடுத்தினவனே பணம் கட்டணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. சட்டம் படிக்கற பசங்க நாடு பூரா இந்தக் கேஸத்தான் படிக்கறாங்களாம், எங்க பாலாறு பாடப்புத்தகத்துல ஓடுது. அதே வருஷம் பிப்ரவரில ராஜஸ்தான்ல பிச்ச்ரின்னு ஒரு கிராமம், எச்-ஆசிட்னு சாயத்துக்கான கெமிக்கல் தயாரிச்ச கம்பெனிங்க கிணத்துத் தண்ணியக் காப்பி கலராக்கின கேஸ்லயும் இதையே சொன்னாங்க. ஆனா பணத்த கட்டாம மனு மேல மனு போட்டு இழுத்துக்கிட்டே இருந்தாங்க, 2011ல கோர்ட்டு கோவம் வந்து 37.385 கோடி ரூபாய 12 சதவீத கூட்டு வட்டியோட கட்டுன்னு உத்தரவு போட வேண்டியதாச்சு. தீர்ப்புக்கும் இதுக்கும் நடுவுல 15 வருஷம். அந்த கிராமத்துல 1996ல பொறந்த குழந்தை பத்தாவது எழுதியிருக்கும்.

2025 ஜனவரி 30ல உச்ச நீதிமன்றம் திரும்பவும் வேலூர் தோல் கழிவு விஷயத்துல உத்தரவு போட்டுச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசாங்கம் முதல்ல நஷ்ட ஈட்டக் குடு, அப்புறமா மாசுபடுத்தினவங்ககிட்ட வசூல் பண்ணிக்கன்னு. இதான் சார் பாயிண்ட்டு. நஷ்ட ஈட்டுக்கு இது சரின்னா மேட்ட அள்ளறதுக்கு மட்டும் ஏன் சரியில்ல? மூடிப்போன கம்பெனியோட பங்குதாரர், பேங்க் கடன், யாரு கைக்கு நிலம் போச்சு, இதெல்லாம் வக்கீலுங்க பாக்கட்டும், அதுக்கு எத்தன வருஷம் வேணா ஆகட்டும். சக்கை அதுவரைக்கும் மழைல நனையாம காத்துக்கிட்டிருக்குமா?

போபால் விஷயத்த பாருங்க. 1984ல விஷவாயு கசிஞ்சு ஆயிரக்கணக்குல ஜனம் செத்த அந்த யூனியன் கார்பைடு வளாகத்துல மூட்டை கட்டி வெச்சிருந்த 337 டன்னு கழிவ வெளிய எடுக்க 40 வருஷம். 2025 புது வருஷத்தன்னிக்கு ராத்திரி 12 கன்டெய்னர்ல ஏத்தி, போலீஸ் காவலோட 250 கிலோமீட்டர் தள்ளி பீதாம்பூர் கொண்டு போனாங்க, அந்த ஊரு ஜனம் எங்க தலைல ஏன் கொட்டறீங்கன்னு ரோட்டுக்கு வந்துச்சு, அப்புறம் கோர்ட் உத்தரவோட ஜூன் கடைசிக்குள்ள எரிச்சு முடிச்சாங்க. அதுவும் மூட்டைல இருந்தது மட்டும்தான், மண்ணுக்குள்ளயும் நிலத்தடி நீர்லயும் இருக்கறது அப்படியே இருக்கு. 337 டன்னுக்கே இந்தப் பாடு. கால்குலேட்டர்ல தட்டிப் பாத்தேன், எங்க மேடு அத மாதிரி 670 மடங்கு. எங்களது எரிக்கற வகையும் கிடையாது, குரோமியம் எரிஞ்சு போகாது. இரும்பு உப்பு மாதிரி ஒண்ண கலந்து ஆறாம் நிலைய மூணாம் நிலையா மாத்தணும், மாத்தி அடில தண்ணி இறங்காத குழில பாதுகாப்பா வைக்கணும், கீழ ஏற்கனவே இறங்கின மஞ்சத் தண்ணிய வருஷக்கணக்கா பம்ப் பண்ணி எடுத்து சுத்தம் பண்ணணும். பம்ப் பண்ற வேலைன்னா என்னன்னு எனக்குத் தெரியும், ஒரு நாள் ரெண்டு நாள் வேலை இல்ல அது. கரண்ட் பில்லே யாரு கட்டறதுன்னு ஒரு சண்டை வரும்.

சேத்து வெச்சா என்ன ஆகும்ங்கறதையும் இதே ஊருதான் பாத்துச்சு. 2015 ஜனவரி 31 விடியக்காலைல ராணிப்பேட்டை சிட்கோல தோல் கழிவு பொது சுத்திகரிப்பு நிலையத்துல கழிவுச் சேறு நிறைஞ்ச தொட்டியோட செவுரு ஒடைஞ்சு, பக்கத்துல தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளிங்க பத்து பேரு சேத்துல மூழ்கி செத்தாங்க. அதுல முக்காவாசி பேரு மேற்கு வங்காளத்துலேந்து பொழைக்க வந்தவங்க. எங்க ஊருப் பேரு அவங்க ஊருல எப்படி ஞாபகம் இருக்கும்னு அப்பப்ப நினைச்சுக்குவேன்.

இன்னொரு சண்டையும் வரும், எவ்ளோ சுத்தம் பண்ணா சுத்தம்னு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2001ல பழைய இரும்புக் கடைல பாதரசம் கலந்த கண்ணாடித் துண்டு கிடந்தத வெச்சுப் புடிச்சு மூடினது. 2003ல 290 டன்னு பாதரசக் கழிவ கப்பல்ல அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க, அது நல்ல வேலை, மனசாரப் பாராட்டலாம். ஆனா மண்ணுல ஒரு கிலோவுக்கு எத்தன மில்லிகிராம் பாதரசம் மிச்சம் விடலாம்ங்கறதுல சண்டை வருஷக்கணக்கா போச்சு. வாரியம் 20ன்னுச்சு. கீழ பாம்பார் சோலைக் காடு, அதுலேந்து வர்ற தண்ணி, இதுக்கெல்லாம் அது பத்தாது, இன்னும் கீழ இறக்குன்னு ஊர்க்காரங்களும் சுற்றுச்சூழல்காரங்களும் கேட்டாங்க. அந்த எண்ண முடிவு பண்ற ரூமுக்குள்ள யாரு உக்காந்திருக்காங்கங்கறதுதான் எல்லாமே. புது விதில நிபுணர் அமைப்பு திட்டம் போடும்னு இருக்கு, அவங்க பக்கத்துல ஊர்க்காரனுக்கு ஒரு நாற்காலி போடணும்ல? கிராம சபைல அந்தத் திட்டத்த தமிழ்ல படிச்சுக் காட்டணும்ல?

இதையெல்லாம் ஒரு மனுவா எழுதி ஒரு ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போனேன். எந்த ஆபீஸ்னு வேணாம், அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. வாங்கிப் பாத்துட்டு, "அண்ணே இதுல உங்க பர்சனல் கோரிக்கை என்ன, பட்டாவா, முதியோர் பென்ஷனா"ன்னு கேட்டான். தண்ணின்னேன். "குடிநீர் இணைப்பா"ன்னான். இல்லப்பா, அந்த மேட்ட மாசடைஞ்ச இடம் லிஸ்ட்ல போடச் சொல்லி மனுன்னேன். கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு அப்படி ஒரு தலைப்பே வரலண்ணே, "இதர"ன்னு போட்டுக்கறேன்னான். இதரன்னு போட்டு ரசீது குடுத்தான், ரசீது இருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு மெசேஜ் வந்துச்சு, தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டதுன்னு. எந்தத் துறைன்னு அதுல இல்ல.

அதனால உங்க பேப்பர் மூலமா கேக்கறேன். எங்க மாவட்டத்துல முதல் ஆறுமாச லிஸ்ட் தயாராச்சா, அதுல அந்த மேடு இருக்கா, இருந்தா எந்தத் தேதில சேத்தாங்க? லிஸ்ட்ட கலெக்டர் ஆபீஸ் சுவத்துலயும் பஞ்சாயத்து போர்டுலயும் தமிழ்ல ஒட்டுங்க, இன்டர்நெட்ல மட்டும் போட்டா பக்கத்துல புளியங்கண்ணு கிராமத்துல மாடு மேய்க்கறவரு எங்க போயி பாப்பாரு? சுத்துவட்டாரத்துல எந்தெந்த போர் தண்ணி குடிக்கலாம் எது கூடாதுன்னு டெஸ்ட் பண்ணி கைப்பம்புக்கு பச்சை சிவப்பு பெயின்ட் அடிச்சாவது விடுங்க, அதுக்கு எந்த விதியும் தேவையில்ல, ஒரு டப்பா பெயின்ட் போதும். விதிய திருத்தும்போது மேட்ட அள்ள ஒரு கடைசித் தேதிய அதுல எழுதுங்க, அஞ்சு வருஷமோ எட்டு வருஷமோ, ஒரு எண்ண போடுங்க, தாண்டினா யாரு பதில் சொல்றதுன்னும் போடுங்க. பணம் அரசாங்கம் முதல்ல போடட்டும், கெமிக்கல் கம்பெனிங்க மேல சின்னதா ஒரு வரி வெச்சு ஒரு உண்டியல ஆரம்பிச்சாக் கூட தப்பில்ல, அவங்க வித்த சரக்குலதான் லாபமும் வந்துச்சு சக்கையும் வந்துச்சு.

போன மழைக்கு முன்னாடி இறக்கின ஒரு மோட்டாரோட முதல் தண்ணிய ஒரு லிட்டர் கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல புடிச்சு, மேல தேதியும் போர் எத்தன அடின்னும் மார்க்கர்ல எழுதி, கடை அலமாரில காயில் கம்பிக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் கலங்கல, படியல, அதே எலுமிச்சை மஞ்ச. என் பொண்ணு அத பாத்துட்டு ஜூஸாப்பான்னு கேட்டதுலேந்து மேல் தட்டுக்கு மாத்திட்டேன். டெஸ்ட் பண்ண யாராவது வந்தா எடுத்துத் தர்றேன், எந்த போருன்னும் கூட்டிட்டுப் போயி காட்டறேன். கடை காலைல ஒன்பதுலேந்து ராத்திரி எட்டு வரைக்கும் திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானம் வரைக்கும்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் மெக்கானிக்,
ராணிப்பேட்டை மாவட்டம்.
(பேரு போட வேணாம் சார், போர் போட்டவங்க எல்லாம் என் கஸ்டமருங்க.)